பிர்ச் என்றால் எந்த பிர்ச்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயத்தில் கங்கை தொடங்குகிற கோமுகம் போய்வந்த படங்களைப் பகிர்ந்ததிலிருந்து, அதில் இருந்த உரிந்த பட்டை மரத்தைப் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப் பேர் மனதில் இருக்கிற பிர்ச் வேறு, நான் சொல்கிற பிர்ச் வேறு. ஒருவர் பூஜைக்குக் கேட்கிறார், ஒருவர் ப்ளைவுட்டுக்கு, ஒருவர் சர்க்கரைக்கு, இன்னொருவர் கணக்குப் புதிருக்கு. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

முதலில், பிர்ச் என்பது என்ன மரம்?

குளிர்நாட்டு மரம். தாவரவியலில் பெட்டுலா என்ற பேரினம். அதில் எத்தனை இனங்கள் என்று கேட்டால் 30 என்பவரும் உண்டு, 60 என்பவரும் உண்டு, அதற்கு மேலே போகிறவரும் உண்டு. ஒன்றோடொன்று எளிதில் கலப்பாகிவிடும் மரங்கள் என்பதால் எண்ணிக்கையில் இந்தத் தகராறு. பூமியின் வடபாதியில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது.

பார்த்தவுடன் கண்ணில் படுவது பட்டைதான். பல இனங்களில் அது மெல்லிய தாள் தாளாகக் குறுக்குவாட்டில் உரியும். பட்டை மேல் கோடு கிழித்ததுபோல் குறுக்கே சிறு தழும்புகள் இருக்கும், அவை மரம் காற்று வாங்கும் துளைகள். வெள்ளை நிறத்துக்குக் காரணம் பெட்டுலின் என்ற பொருள். பனிக்காலத்தில் பகலில் வெயில் பட்டுச் சூடாகி இரவில் உறைந்தால் மரத்தின் பட்டை வெடித்துவிடும், வெள்ளைத் தோல் அந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

காடு எரிந்த இடத்திலும் வெட்டிய இடத்திலும் முதலில் வந்து நிற்கிற மரங்களில் இதுவும் ஒன்று. விதை தூசி மாதிரி, இரண்டு பக்கமும் சிறகு வைத்தது, காற்றில் எங்கேயும் போகும். ஆனால் நிழல் ஆகாது. பெரிய மரங்கள் மேலே மூடிவிட்டால் பிர்ச் ஒதுங்கிவிடும்.

தமிழில் இதற்குப் பெயரே இல்லையா?

மரம் இங்கே இல்லை, அதனால் ஊர்ப்பெயர் கிடையாது. ஆனால் மரம் வராவிட்டாலும் அதன் தோல் வந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையிலும் பூஜைச் சாமான் கடையிலும் பூர்ஜ பத்திரம் என்று சுருட்டி விற்கிறார்களே, அது இமயமலை பிர்ச்சின் பட்டை. மரத்தைச் சொல்லும்போது பூர்ஜ மரம் என்றால் தவறில்லை. ஆனால் எல்லா பிர்ச்சையும் பூர்ஜம் என்று சொல்லிவிடலாமா என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை. பின்லாந்தில் நிற்கிற மரத்தைப் பூர்ஜம் என்றால் கேட்பவர் மந்திரத் தகட்டை நினைப்பார். அதனால் பொதுவாகப் பேசும்போது பிர்ச், இமயத்து மரத்துக்குப் பூர்ஜம். இந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பத்திரம் என்றால் இலைதானே? நீங்கள் பட்டை என்கிறீர்களே?

எழுதப் பயன்பட்டதால் பத்திரம் ஆனது. நிலப் பத்திரத்தில் இலையா இருக்கிறது? இந்த மரத்தின் உண்மையான இலை சின்னது, ஓரம் பல்பல்லாக இருக்கும், அதில் ஒரு வரிகூட எழுத முடியாது.

இந்தியில் போஜ்பத்ரா என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, போஜனம் செய்கிற இலை என்றும், போஜராஜா எழுதிய ஓலை என்றும் விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லை. சமஸ்கிருதத்தின் பூர்ஜ என்ற சொல்தான் வாயில் தேய்ந்து போஜ் ஆகிவிட்டது. காஷ்மீரில் அதே சொல் புர்ஸா.

பூர்ஜமும் பிர்ச்சும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சமஸ்கிருதத்தில் பூர்ஜ, லிதுவேனியனில் பெர்ழாஸ், ரஷ்யனில் பெர்யோஸா, ஜெர்மனில் பிர்க்க, ஆங்கிலத்தில் பிர்ச். எல்லாம் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள். ஒளிர்வது, வெளுப்பானது என்ற பொருள் அடியில் இருக்கிறது என்பார்கள். இந்தோ-ஐரோப்பிய மொழி பேசியவர்கள் ஊர் ஊராக நகர்ந்தபோது பழைய மரப்பெயர்கள் பெரும்பாலும் வழியில் உதிர்ந்தன அல்லது வேறு மரத்துக்கு ஒட்டிக்கொண்டன. அந்த மரமே இல்லாத சமவெளிக்குப் போனால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தியப் பக்கம் வந்தவர்களுக்கு இமயத்தில் அதே வெளுத்த, தோல் உரிகிற மரம் மறுபடி கிடைத்தது, பெயர் பிழைத்துக்கொண்டது.

இத்தாலிப் பக்கம் போனவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. அங்கே பிர்ச் குறைவு. லத்தீனில் ஃப்ராக்ஸினஸ் என்ற சொல் இதே குடும்பத்துச் சொல்தான், ஆனால் அது குறிப்பது ஆஷ் என்ற முற்றிலும் வேறு மரத்தை. அப்புறம் பிர்ச்சுக்கு ஒரு பெயர் வேண்டுமே, அதற்குப் பக்கத்திலிருந்த கால் நாட்டவர் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) மொழியிலிருந்து பெட்டுலா என்று கடன் வாங்கிக்கொண்டார்கள். முதல் நூற்றாண்டில் எழுதிய ரோம எழுத்தாளர் பிளினி, இது கால் நாட்டு மரம் என்றே குறித்திருக்கிறார். அந்தக் கடன்சொல்தான் இன்று உலகம் முழுக்க அறிவியல் பெயர். ஒரு பெயர் மரத்தை விட்டு ஓடி, மரம் இன்னொரு பெயரை இரவல் வாங்கி... நம்ம ஊர்க் குடும்பக் கதை மாதிரி இருக்கிறது.

பீச் மரமும் பிர்ச் மரமும் ஒன்றா?

இல்லை. தமிழ் எழுத்தில் வேறு ஒரு சங்கடமும் இருக்கிறது. சாப்பிடுகிற பீச் பழம், ஐரோப்பாவில் நிற்கிற பீச் மரம், மெரினா பீச் மூன்றையும் ஒரே மாதிரி எழுதுகிறோம். பீச் மரத்தின் பட்டை யானைக்கால் மாதிரி வழவழப்பான சாம்பல் நிறம், உரியாது. பிர்ச் உரியும். தூரத்துச் சொந்தம்தான், ஒரே வரிசையில் வருபவை, குடும்பம் வேறு.

ஆனால் நியூசிலாந்தில் மட்டும் கேள்வி நியாயமானது. பிரிட்டனிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே இருந்த தென்பீச் மரங்களைப் பார்த்து, சின்ன இலையை வைத்து, பிர்ச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கறுப்பு பிர்ச், சிவப்பு பிர்ச் என்று பழைய ஆவணங்களில் வருவதெல்லாம் அந்த மரங்கள்தான், உண்மையான பிர்ச் ஒன்றுகூட அந்த நாட்டுக்குச் சொந்தமானதில்லை. மார்ல்பரோ பகுதியில் மலைக்கே பிளாக் பிர்ச் என்று பெயர் நிலைத்துவிட்டது. சிரிக்க வேண்டாம், நாமும் அதையே செய்தோம். எங்கிருந்தோ வந்த முள்மரத்தைப் பார்த்துக் கருவேலம் மாதிரி இருக்கிறது என்று சீமைக் கருவேலம் ஆக்கினோம். அது வேலமும் இல்லை.

கரீபியன் தீவுகளில் மேற்கிந்திய பிர்ச் என்று ஒன்று இருக்கிறது. சிவந்த பட்டை தாள்தாளாக உரியும், வெயிலில் தோல் உரிந்த சுற்றுலாப் பயணி மாதிரி இருக்கிறது என்று அங்கே டூரிஸ்ட் மரம் என்றும் கேலியாகச் சொல்வார்கள். அது நம்ம கிளுவைக் குடும்பம். வேலியில் நிற்கிற கிளுவையும் பட்டை உரிக்கும், பார்த்திருப்பீர்கள். உரிந்த பட்டையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் கிளுவையும் பிர்ச்தான்!

வெள்ளை பிர்ச், கறுப்பு பிர்ச், வெள்ளி பிர்ச்: இதில் எது எது?

இங்கேதான் மரக்கடையில் ஏமாறுவார்கள். வெள்ளை பிர்ச் என்று ஐரோப்பியர் சொன்னால் ஒன்று, வட அமெரிக்கர் சொன்னால் பட்டையால் படகு செய்கிற காகித பிர்ச், ஜப்பானியர் ஷிராகாபா என்று சொல்வதை மொழிபெயர்த்தாலும் வெள்ளை பிர்ச். மூன்றும் வெவ்வேறு இனம். கறுப்பு பிர்ச் என்றால் அமெரிக்காவிலேயே இரண்டு: இனிப்பு பிர்ச் என்ற மலை மரத்தையும் சொல்வார்கள், ஆற்றோரம் நிற்கிற இன்னொன்றையும் சொல்வார்கள். அந்த ஆற்றோர மரத்துக்கே சிவப்பு பிர்ச் என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரே மரம், கறுப்பும் அதுதான் சிவப்பும் அதுதான். வெள்ளி பிர்ச் மட்டும் பரவாயில்லை, பெரும்பாலும் பெட்டுலா பெண்டுலா என்ற ஐரோப்பிய மரத்தையே குறிக்கும். கிளை நுனி தொங்கும், பின்லாந்தின் தேசிய மரம் அது.

இமயத்துப் பூர்ஜத்துக்கு 1825இல் டேவிட் டான் வைத்த பெயர் பெட்டுலா யூட்டிலிஸ். யூட்டிலிஸ் என்றால் பயனுள்ளது. மேற்கு இமயத்தில் பட்டை வெளுத்து இருக்கும், கிழக்கே போகப் போகச் செம்புப் பழுப்பு. கொஞ்சம் கீழ்மலைகளில் பெட்டுலா அல்னாய்டிஸ் என்று இன்னொன்று உண்டு.

ஊட்டியில் வெள்ளைப் பட்டை உரிகிற மரம் பார்த்தேன், அது பிர்ச்தானே?

எங்கள் மாமாவும் இதையே சொல்லி ஒரு முழுப் பயணமும் வாதாடினார். அது யூகலிப்டஸ். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனையே சொல்லிவிடும். அதன் பட்டை நெடுக்குவாட்டில் நீளநீளமாகத் தொங்கும், பிர்ச் குறுக்குவாட்டில் சுருண்டு உரியும்.

பூர்ஜப் பட்டையில் எப்படி எழுதினார்கள்? ஓலையில் எழுதுவது போலவா?

இல்லை, மையால் எழுதினார்கள். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி இதை அழகாகச் சொல்லியிருக்கிறார். வடக்கே பூர்ஜம் என்ற மரத்தின் பட்டையை ஒரு கஜ நீளமும் விரித்த விரல்களின் அகலமும் வரும்படி எடுத்து, எண்ணெய் தடவி, தேய்த்து வழவழப்பாக்கி எழுதுகிறார்கள், தாள்களுக்கு எண் போட்டு, துணியில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவே வைக்கிறார்கள் என்கிறார். அதே இடத்தில் தெற்கே என்ன செய்கிறார்கள் என்றும் சொல்கிறார்: பேரீச்சை, தென்னை போல உயர்ந்த ஒரு மரம், அதன் ஓலை மூன்று விரல் அகலம், நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்துவிடுகிறார்கள். நம்ம பனை.

ஓலையில் எழுத்தாணியால் கீறி மை பூசுவோம். பூர்ஜத்தில் பேனாவும் மையும். இதில் ஒரு வேடிக்கை, ரஷ்யாவின் நோவ்கொரொட் நகரத்திலும் பிர்ச் பட்டையில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மையில்லாமல், எலும்பிலோ உலோகத்திலோ செய்த கூரான ஆணியால் கீறி. மரம் பூர்ஜத்தின் சொந்தம், எழுத்து முறை நம்ம முறை. முதல் கடிதம் 1951 ஜூலை 26இல் கிடைத்தது, இதுவரை 1,100க்கும் மேல். ஈரமான களிமண்ணில் புதைந்ததால் கெடவில்லை. எல்லாம் சாதாரண விஷயம்: கடன் பாக்கி, வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு. 13ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற ஒரு பையன், ஆறேழு வயது இருக்கும் என்கிறார்கள், எழுத்துப் பாடம் எழுதிவிட்டுப் பக்கத்திலேயே குதிரை வீரன் படம் போட்டிருக்கிறான். குதிரை மேல் தன் பெயரையே எழுதியிருக்கிறான். எந்த ஊரிலும் வீட்டுப்பாட நோட்டு இப்படித்தான்.

இமயத்துப் பட்டைக்கு வருவோம். பட்டையில் பெட்டுலின் இருப்பதால் தண்ணீர் இறங்காது, எளிதில் மக்காது. ஆனால் காலம் ஆக ஆக அடுக்குகள் பிரிந்து, தொட்டாலே பொடிந்துவிடும். ஆப்கானிஸ்தான் பகுதியிலிருந்து வந்த காந்தாரப் பௌத்தச் சுருள்கள், 1994இல் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போனவை, முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தெற்காசியாவில் தப்பிப் பிழைத்த மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அவையும் உண்டு. மண்பானைக்குள் வைத்திருந்ததால் மிச்சம். வெயிலும் மழையும் கரையானும் நிறைந்த தெற்கில் ஓலைகளைச் சில நூறு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படியெடுக்க வேண்டியிருந்தது. வறண்ட குளிரில் பட்டை ஈராயிரம் வருஷம் கிடந்திருக்கிறது.

பூஜ்யம் பூர்ஜத்தில்தான் எழுதப்பட்டதாமே?

பக்‌ஷாலி சுவடியைச் சொல்கிறீர்கள். 1881இல் இன்றைய பாகிஸ்தானில் மர்தான் அருகே பக்‌ஷாலி கிராமத்தில் ஒரு குடியானவர் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. 70 பட்டைத் துண்டுகள், முழுக்கக் கணக்கு. அதில் சுழியத்தைப் புள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். 1902இலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

2017இல் கரிமத்தை வைத்து வயதுக் கணிப்பு செய்தபோது மூன்று துண்டுகளுக்கு மூன்று வெவ்வேறு காலம் வந்தது: ஒன்று கி.பி. 224–383, ஒன்று 680–779, இன்னொன்று 885–993. உடனே உலகத்தின் பழைய பூஜ்யம் என்று செய்தி பறந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, கரிமம் சொல்வது பட்டை மரத்தில் உருவான காலத்தை, எழுதிய காலத்தை இல்லை. தவிர, கையெழுத்தும் கணக்கின் தொடர்ச்சியும் ஒரே நூல் மாதிரி இருக்கிறது, அப்படியானால் கடைசித் தேதிக்கு முன்னால் எழுதியிருக்க முடியாது என்று சுவடியியல் அறிஞர்கள் சிலர் மறுத்தார்கள். எனக்கு அவர்கள் வாதம்தான் சரியாகப் படுகிறது. பகிர்வதற்கு முன்னால் இதையும் சேர்த்துப் பகிருங்கள்.

காளிதாசன் பாடியிருக்கிறாரா?

பாடியிருக்கிறார். குமாரசம்பவத்தின் தொடக்கத்தில் இமயமலையை வர்ணிக்கும்போது, வித்யாதரப் பெண்கள் தாதுக் குழம்பால் பூர்ஜப் பட்டையில் காதல் கடிதம் எழுதுவார்கள், அந்த எழுத்து யானை உடம்பின் செம்புள்ளி போல இருக்கும் என்கிறார். பூர்ஜத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த உவமை எவ்வளவு கச்சிதம் என்று புரியும். விக்ரமோர்வசீயத்தில் ஊர்வசி அரசனுக்கு எழுதுவதும் பூர்ஜத்தில்தான். அந்தக் கடிதம் அப்புறம் காற்றில் பறந்து ராணியின் கையில் சிக்கிவிடும். அவ்வளவு லேசான பொருள்!

கோமுகம் போகும் வழியில் பூர்ஜம் பார்க்கலாமா?

கங்கோத்ரியிலிருந்து நடந்தால் முதலில் சீர்பாசா, பைன் மரங்கள் இருக்கும். அதைத் தாண்டி, கங்கோத்ரியிலிருந்து 14 கிலோமீட்டர் வாக்கில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா. போஜ் மரங்களின் குடியிருப்பு என்று பெயர். போய்ப் பார்த்தால் பெயர் நிற்கிறது, மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மலையேறிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் அடுப்பெரிக்கவே பெருவாரியான மரம் போய்விட்டது. பூர்ஜப் பட்டை ஈரத்திலும் சட்டென்று பற்றிக்கொள்ளும், குளிரில் நடுங்குகிறவருக்கு அது வரம், மரத்துக்குச் சாபம். இத்தனைக்கும் இமயத்தில் மரங்கள் வளரும் எல்லையின் விளிம்பில் நிற்கிற மரம் அது. அதற்கு மேலே புல்லும் பாறையும்தான். வெட்டினால் மறுபடி வர ஒரு தலைமுறை ஆகும்.

நந்தா தேவி ஏறிய ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1990களில் போஜ்பாசாவில் கன்றுகள் நட்டு வேலி போட்டு வளர்த்தார். 2021இல் இந்திய மலையேற்ற அமைப்பின் முதல் பெண் தலைவரானவர் இவர்தான். நான் எடுத்த படத்தில் இருப்பது நட்டதா தானாக முளைத்ததா என்று கேட்காதீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சென்னையில், கோவையில் வளர்க்கலாமா? ஆன்லைனில் விதை விற்கிறார்களே?

வேண்டாம். விதை முளைப்பதற்கே ஒரு குளிர்காலம் வேண்டும், மரம் இலை கொட்டித் தூங்குவதற்கும் வேண்டும். பணம் போவதுதான் மிச்சம்.

ஆங்கிலக் கதைகளில் பள்ளிப் பையன்களுக்கு பிர்ச் கொடுத்தார்கள் என்று வருகிறதே, மரக்கன்றா கொடுத்தார்கள்?

அடி கொடுத்தார்கள். பிர்ச் கிளைகளைக் கட்டாகக் கட்டி, துணியில்லாத பின்புறத்தில் விளாசுவது. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பிரம்பு ஒரு கொடி, ஆனால் வாத்தியார் பிரம்பு என்றாலே கை எரிகிறது. புளிய விளாரும் அப்படியே. பிளினி காலத்திலேயே ரோம அதிகாரிகளின் கோல்கட்டு பிர்ச்தான், அதனால் மரமே பயங்கரமானது என்கிறார்.

பிரிட்டனில் நீதிமன்றங்கள் பிர்ச் அடி விதிப்பது 1948 சட்டத்தோடு நின்றது. பக்கத்திலிருக்கும் மேன் தீவில் அது தொடர்ந்தது. அங்கே 1972இல் 15 வயதுப் பையனுக்கு மூன்று அடி கொடுத்தது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1978இல் அது இழிவுபடுத்தும் தண்டனை என்று தீர்ப்பானது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தாவரவியல்படி பிர்ச் குடும்பத்துக்கு மிக நெருக்கமான குடும்பங்களில் ஒன்று சவுக்கு. ஆமாம், நம்ம கடற்கரைச் சவுக்கு. அங்கே பிர்ச் என்றால் மரமும் உண்டு, அடிக்கிற கோலும் உண்டு. இங்கே சவுக்கு என்றால் மரமும் உண்டு, அடிக்கிற சாட்டையும் உண்டு. இது மட்டும் சுத்தத் தற்செயல்.

பிர்ச் சர்க்கரை உடம்புக்கு நல்லதா?

அதன் பெயர் சைலிட்டால். பின்லாந்தில் பிர்ச் மரத்திலிருந்து எடுத்ததால் பிர்ச் சர்க்கரை. 1970களில் துர்க்கு நகரத்தில் நடந்த ஆய்வுகளில் பல் சொத்தை குறைவது தெரிந்தது, 1975இல் சூயிங்கம் வந்தது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி மக்காச்சோளக் கதிர்த் தண்டிலிருந்து வருகிறது, பாக்கெட்டில் மட்டும் பிர்ச் மரம் படம். இன்னும் கேளுங்கள், ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1891இல் இதை முதலில் எடுத்தது பீச் மரச் சீவலிலிருந்து. பெயர்க் குழப்பம் இங்கேயும் விடவில்லை.

அதிகம் சாப்பிட்டால் வயிறு கலக்கும். வீட்டில் நாய் இருந்தால் மிக மிகக் கவனம்: நாய்க்கு இது விஷம், கொஞ்சம் தின்றாலும் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இந்தப் பக்கத்தில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த பிர்ச் பானத்தில் வலித்தைல வாசனை அடிக்கிறதே, கெட்டுப்போனதா?

கெடவில்லை. இனிப்பு பிர்ச்சின் பட்டையில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ஊட்டிக் கடைகளில் சின்னச் சீசாவில் வின்டர்கிரீன் எண்ணெய் விற்பார்களே, அதிலும் அதே பொருள், நீலகிரியில் வளர்கிற வேறொரு புதர்ச்செடியின் இலையிலிருந்து எடுப்பது. நமக்கு அது முட்டிவலி வாசனை, அவர்களுக்கு அது மிட்டாய் வாசனை.

பிர்ச் ப்ளைவுட் வாங்கலாமா? விலை கடிக்கிறதே.

ஸ்பீக்கர் பெட்டி, லேசர் வெட்டு வேலை, பிள்ளைகள் மேஜை மாதிரி ஓரம் வெளியே தெரிகிற வேலைக்குக் கொடுத்த காசு வீண் போகாது, மெல்லிய அடுக்குகள் நிறைய, நடுவில் ஓட்டை இருக்காது. சமையலறைச் சிங்க்குக்குக் கீழே போட வேண்டாம், பிர்ச் கட்டைக்கு ஈரம் ஆகாது. பட்டைதான் மக்காது, உள்ளே இருக்கிற மரம் சீக்கிரம் மக்கும். கடைக்காரரிடம் முழுதும் பிர்ச்சா, மேல்தாள் மட்டும் பிர்ச்சா என்று கேளுங்கள். மேலே ஒரு தாள் ஒட்டிவிட்டு அதே பெயரில் விற்பது உண்டு, எனக்கு ஒருமுறை அப்படி வந்து சேர்ந்தது.

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ் கட்டிய பிரம்மாண்டமான மர விமானத்தைப் பத்திரிகைக்காரர்கள் ஸ்ப்ரூஸ் வாத்து என்று கிண்டல் செய்தார்கள். இன்றுவரை அதுதான் பெயர். விமானம் பெரும்பாலும் பிர்ச். 1947 நவம்பர் 2இல் ஒரே ஒருமுறை, ஒரு மைல் தூரம் பறந்தது.

ஆஸ்லோவில் இருக்கிறேன். ஏப்ரல் மே வந்தால் மூக்கு ஒழுகுகிறது, ஆப்பிள் தின்றால் வாய் அரிக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. பிர்ச் மகரந்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தைப் போன்றதே ஆப்பிள், ஹேசல்நட், கேரட், செலரி இவற்றிலும் இருக்கிறது. உடம்பு இதை அதென்று நினைத்துக்கொள்கிறது, அதுவும் பெயர்க் குழப்பம் மாதிரிதான். அந்தப் புரதம் சூட்டில் உடைந்துவிடும், அதனால் வேகவைத்த ஆப்பிள் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. தொண்டை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கள் சித்தப்பா பெண் அங்கே பதினைந்து வருஷம் இருந்தும் முதல் நாலு வருஷம் இதைச் சளி என்றே நினைத்துக் கஷாயம் குடித்தாள்.

ஜான் பிர்ச், பிர்ச் கணக்கு, ஈப்போ பிர்ச் மணிக்கூண்டு... இவையெல்லாம்?

எல்லாம் ஆள் பெயர், மரம் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் மாணவர்களை வாட்டும் பிர்ச் ஒடுக்கம், 1944இல் அதை வெளியிட்ட ஆஸ்திரேலியர் ஆர்தர் பிர்ச்சின் பெயர். பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கும் பிர்ச்–ஸ்வின்னர்டன்-டையர் என்ற கணிதக் கணிப்பில் வருபவர் பிரையன் பிர்ச். கணினியில் தரவுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் பிர்ச் என்ற 1996ஆம் வருஷ நிரல்முறை மட்டும் ஆளும் இல்லை மரமும் இல்லை, ஒரு நீளமான பெயரின் முதலெழுத்துகள். அதை உருவாக்கிய மூவரில் ரகு ராமகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் படித்தவர்.

மலேசியாவின் ஈப்போ நகரத்து மணிக்கூண்டு, அங்குள்ள பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி) ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச்சுக்காக 1909இல் கட்டியது. அவர் அதற்கு முன்னால் இலங்கையில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்தவர். 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். மேலே விமானம் பறந்த தேதியைப் பாருங்கள்!

அமெரிக்க வலதுசாரிகளின் ஜான் பிர்ச் சங்கம் 1958இல் தொடங்கியது. அந்த ஜான் பிர்ச் 1945இல் சீனாவில் கொல்லப்பட்ட அமெரிக்கர், சங்கத்தைத் தொடங்கியவர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. அவர் பிறந்தது முசூரி பக்கத்து லண்டூரில், 1918இல். பிர்ச் என்ற பெயரோடு பூர்ஜம் வளர்கிற மலைநாட்டில் பிறந்திருக்கிறார்.

பூஜைக்குப் பூர்ஜ பத்திரம் வாங்கலாமா? அசல் என்று எப்படித் தெரியும்?

அசலில் குறுக்குக் கோடுகள் இருக்கும். ஓரத்தை நகத்தால் நெருடினால் வெங்காயச் சருகுபோல் இன்னொரு தாள் பிரியும், உள்பக்கம் இளஞ்சிவப்போ வெளிர்பழுப்போ இருக்கும். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கொளுத்தினால் எண்ணெய்ப் பிசுக்கோடு கரும்புகை வரும். வழவழவென்று ஒரே கனத்தில் அச்சடித்ததுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கலாமா என்பது உங்கள் விருப்பம். மேல்தோல் உதிர்ந்ததை மட்டும் எடுத்தால் மரத்துக்கு நஷ்டமில்லை, ஆழமாக அறுத்து உள்பட்டையையும் எடுத்துவிட்டால் மரம் செத்துவிடும். கடையில் இருக்கிற சுருள் எப்படி எடுத்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. உத்தராகண்டின் நீத்தி, மாணா பள்ளத்தாக்குப் பெண்கள் பட்டையில் எழுத்தோவியம் செய்து விற்கிறார்கள், எங்கிருந்து எப்படி எடுத்தோம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் கோமுகத்திலிருந்து எதுவும் கொண்டுவரவில்லை, அது தேசியப் பூங்கா. ஆகையால் எனக்கும் ஒரு துண்டு அனுப்புங்கள் என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.